இறைச்சிக்கூடக் கழிவும் ஒழுங்குமுறை விதிகளும்: நேரில் கண்டவை

கழிவுநீர்ப் பொறியாளர் எழுதியது:

இறைச்சிக்கூடங்களுக்கும் கோழி பதப்படுத்தும் ஆலைகளுக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வடிவமைப்பதும், அது அனுமதி வரம்புக்குள் இயங்குகிறதா என்று சோதிப்பதும் நெடுங்காலமாக என் பணி. விதிகள் குழாயின் முனையில் நீரை அளப்பதோடு நின்றுவிட்ட இடங்களில் மாசு பெரிதாகக் குறைந்ததை நான் கண்டதில்லை. வெட்டும் இடத்திலேயே இரத்தமும் குடலும் தண்ணீரில் கலக்காமல் தடுத்த விதிகளே பலன் தந்திருக்கின்றன.

இதற்குக் காரணம் இரத்தத்தின் செறிவு. வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி (அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும்; கலப்பற்ற இரத்தத்திலோ அது 1,50,000 மில்லிகிராமுக்கும் மேல் போகும். ஆகவே சாக்கடையில் விடப்படும் ஒரு லிட்டர் இரத்தம், சுமையளவில் ஏறத்தாழ 600 லிட்டர் வீட்டுக் கழிவுநீருக்கு ஈடாகிறது. அதிலுள்ள புரதம் சிதைந்து அமோனியாவாகிறது. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற நுண்ணுயிர்களுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றூட்டும் இயந்திரங்களுக்கு ஆகும் மின்செலவின் பெரும்பகுதியை இந்தக் கணக்கே தீர்மானிக்கிறது.

ஓர் ஆலையில் சுத்திகரித்த நீர் தொடர்ந்து வரம்பை மீறியதால், காற்றூட்டத் தொட்டியை இரட்டிப்பாக்க நிர்வாகம் திட்டமிட்டிருந்தது. தொட்டியைப் பார்க்குமுன் இரத்தம் வடிக்கும் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அங்கே வடிகாலுக்கு இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று இரத்தச் சேகரிப்புத் தொட்டிக்கு, மற்றொன்று கழுவுநீர்க் கால்வாய்க்கு. கழுவும் நேரத்தில் மட்டும் திறக்க வேண்டிய இரண்டாவது வழி, வெட்டும் நேரத்திலும் திறந்தே கிடந்தது. சேகரித்த இரத்தத்தை எடுத்துச் செல்லும் வண்டி ஒழுங்காக வராததால் தொழிலாளர்கள் வேறு வழியின்றி அப்படிச் செய்து வந்தார்கள்; அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளோ வெளியேற்றக் குழாயில் ஒரு பாட்டில் நீரை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கமாக இருந்தது.

பின்னர் அனுமதி புதுப்பிக்கப்பட்டபோது ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: அன்றாடம் வெட்டிய கால்நடைகளின் மொத்த எடையையும் சேகரித்த இரத்தத்தின் அளவையும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். வடியும் இரத்தம் உயிர் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு இருக்கும் என்பதால், பதிவேட்டைப் புரட்டினாலே எவ்வளவு இரத்தம் கால்வாய்க்குப் போனது என்று யாரும் கணக்கிட்டுவிடலாம். வண்டி ஒழுங்காக வரத் தொடங்கியது. காற்றூட்டத் தொட்டியைப் பெரிதாக்கும் தேவையே எழவில்லை.

மாதிரி எடுக்கும் நேரமும் இதே அளவு முக்கியமானது. வெட்டு முடிந்தபின் இரவில் சுடுநீரும் காரச் சோப்பும் கொண்டு தளத்தைக் கழுவும்போதுதான் கொழுப்பு மிகுதியாகக் கரைந்து வருகிறது. சூடான நீரில் பால்போலக் கலந்த கொழுப்பு, கொழுப்புப் பிடிப்பானில் மிதக்காமல் கடந்து போய்விடும். மறுநாள் முற்பகலில் எடுக்கும் ஒற்றை மாதிரி இதைக் காட்டாது. நீரோட்டத்தின் அளவுக்கேற்ப 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படும் கூட்டு மாதிரியை விதி கட்டாயமாக்கினால்தான் உண்மை தெரியும்.

அமெரிக்காவில் இத்துறைக்கான வெளியேற்ற வரம்புகள் 1974இல் வந்து 2004இல் திருத்தப்பட்டன. பெரும்பாலான ஆலைகள் தம் நீரை நேராக ஆற்றில் விடாமல் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புவதால் அவை அந்த வரம்புகளுக்குள் வரவில்லை. அவற்றையும் உள்ளடக்கிப் பாஸ்பரசுக்கும் வரம்பு விதிக்க 2024இல் வந்த முன்மொழிவு 2025இல் கைவிடப்பட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ரெண்டரிங் ஆலையின் (இறைச்சிக்கூடக் கழிவை வேகவைத்துக் கொழுப்பாகவும் தூளாகவும் மாற்றும் ஆலை) முன்னாள் மேற்பார்வையாளர் எழுதியது:

மேலே எழுதிய பொறியாளர் ஐயா நீரைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. திடக்கழிவிலும் ஆலைக்குள் நடக்கும் பிரிப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை நான் சேர்க்க விரும்புகிறேன். 1986இல் பிரிட்டனில் மாடுகளின் மூளையைச் சிதைக்கும் பைத்தியப் பசு நோய் அடையாளம் காணப்பட்டு, இறைச்சி எலும்புத் தூள் கலந்த தீவனமே அதைப் பரப்பியது என்று தெரிந்தபின், ஐரோப்பாவின் விதிகள் அடியோடு மாறின. இப்போது அங்கு நடப்பிலுள்ள 1069/2009 ஒழுங்குமுறை விலங்குத் துணைப்பொருள்களை (மனிதர் உண்பதற்கென அல்லாத விலங்குப் பாகங்கள்) ஆபத்து மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உடல்நலத்தோடு வெட்டப்பட்ட கோழியின் இறகு மூன்றாம் வகை; ஆலைக்கு வரும் வழியிலேயே இறந்த கோழி இரண்டாம் வகை. இரண்டும் கலந்தால் முழுக் குவியலும் இரண்டாம் வகையாகிவிடும், தீவனத்துக்குப் பயன்படாது.

நான் பணியாற்றிய காலத்தில் ஒரு கோழி ஆலையிலிருந்து வரும் இறகுத் தொட்டிகளின் அடியில் இறந்த கோழிகள் அடிக்கடி கிடைத்தன. தனித் தொட்டி வைக்க இடமில்லை என்று அந்த ஆலை சொல்லிக்கொண்டே இருந்தது. கலப்படமான சுமையைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும், அதைப் பதிந்து அறிவிக்கும் கடமையையும் விதி எங்களுக்குத் தந்திருந்ததால் நாங்கள் திருப்பி அனுப்பினோம். ஒன்றிரண்டு சுமைகள் திரும்பிய பிறகு தனித் தொட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆபத்து மிகுந்த பொருளை 50 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக்கி, 133 பாகை செல்சியசில் 3 பார் அழுத்தத்தில் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கலனுக்குள் எது போகிறது என்பதைத் தொட்டியடியில் நிற்பவர்தான் முடிவு செய்கிறார்.

துர்நாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். புகார் வந்தால் எல்லோரும் புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். எங்கள் ஆலையில் நாற்றம் மிகுந்த நாள்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, அவை கழிவு வெயிலில் காத்துக்கிடந்த நாள்களாகவே இருந்தன. நாற்றக் காற்றை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்யும் உயிரிவடிகட்டி எவ்வளவு நல்லதாயினும், அழுகிய பின் வந்த பொருளை அதனால் சமாளிக்க முடியவில்லை.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் வசிப்பவர் எழுதியது:

நான் இத்துறையைச் சேர்ந்தவர் அல்லர். இறைச்சி ஆலைக்குக் கீழே ஆற்றோரம் உள்ள எங்கள் பகுதியில் மீன்கள் செத்து மிதந்தபோதெல்லாம் அதிகாரிகள் நண்பகலில் ஆற்றுநீரைச் சோதித்து, ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பதாகப் பதில் தந்தார்கள். கழிவின் சத்தில் செழித்த பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது, இரவில் அதையே உட்கொள்கிறது. ஆகவே விடியற்காலையில் அளந்தால்தான் மிகக் குறைந்த அளவு தெரியும் என்று ஒரு மாணவர் எங்களுக்கு விளக்கினார். அந்த வேண்டுகோளை எழுத்தில் கொடுத்தோம். விடியுமுன் எடுத்த அளவுகளைப் பார்த்த பிறகே விசாரணை தொடங்கியது. இப்போது ஆற்றில் ஆலைக்கு மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஆக்சிஜன் மானிகள் இடைவிடாது அளக்கின்றன. ஆனால் அந்த அளவுகளை நாங்கள் மனு போட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. பொறியாளர் ஐயா சொன்ன இரத்தப் பதிவேட்டையும் பொதுமக்கள் பார்வையிட எங்கேனும் விதி இடம் தருகிறதா என்று அறிய விரும்புகிறேன். அடுத்த அனுமதி விசாரணையில் அதைக் கோர எண்ணியிருக்கிறோம்.