கவுதாரி, காடை உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா? பார்த்ததை எழுதுங்கள்

கொரங்காட்டுக்காரர்:

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். கவுதாரி குறைந்ததற்கு வேட்டைதான் காரணம் என்று மேலே பலர் எழுதியிருக்கிறீர்கள். கண்ணி வைத்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கண்ணி நிறைய இருந்த காலத்தில் கவுதாரியும் நிறைய இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடித்தால் வழக்கு என்ற பயம் வந்து, இன்று எங்கள் பக்கம் கண்ணியைப் பார்ப்பதே அபூர்வம். அப்படியும் பல காடுகளில் சத்தமே இல்லை. நான் கண்டவரை, அதற்கு இருக்க இடம் போய்விட்டது.

கொரங்காடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது மானாவாரி மேய்ச்சல் நிலம், சொந்தப் பட்டா நிலம்தான். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மாடும் செம்மறியும் மேயும்போது மற்றதில் புல் தழைய விட்டுவிடுவார்கள். மாட்டுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் கவுதாரிக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே அமைந்துவிடுகிறது: முட்டையிட வேலியடி, ஒளிய மேயாத புல், குஞ்சு பொறுக்கித் தின்னக் காய்ந்த சாணிக்கு அடியில் கறையான்.

இன்னொன்று, அடைய முள்மரம். பகலெல்லாம் தரையில் திரிகிற பறவை ராத்திரி தரையில் தங்காது. பொழுது சாயும் நேரத்தில் எங்கள் கிணற்று மேட்டில் நின்றால் பார்க்கலாம். கூட்டமாக வெள்வேல மரத்தடிக்கு வரும். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி நடக்கும். அப்புறம் ஒன்று படபடவென்று எழும்பித் தாழ்ந்த கிளையில் உட்காரும், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் அதன்மேல் இடித்துக்கொண்டு உட்காரும்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒருமுறை வைகாசியில் வேலியோரம் ஆடு ஓட்டிப் போனபோது கால் கிட்டே போகும்வரை பெட்டை அசையவில்லை. அது எழுந்து ஓடின பிறகு பார்த்தால், கிளுவைத் தூருக்கும் புல்லுக்கும் இடையே கையகலப் பள்ளம், கொஞ்சம் சருகு, வெளிறிய மஞ்சளில் ஏழு முட்டை. இரண்டடி தள்ளி வெட்டவெளியில் இருந்திருந்தால் காக்காயோ நாயோ விட்டு வைத்திருக்காது.

எங்கள் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த காடு கைமாறியது. வாங்கினவர் ஜேசிபி விட்டுக் கிளுவையைப் பிடுங்கி, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார். தென்னை வைத்தார், சொட்டுநீர் போட்டார், அடியில் புல் முளைக்காமல் களைக்கொல்லி அடித்தார். அங்கே யாரும் ஒரு கவுதாரியைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷமே அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் விடிகாலையில் இன்றும் கேட்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர்வேலி அகலமாக இடத்தை அடைக்கும், சந்து விழுந்தால் அடைக்க ஆள் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த வேலி போன அன்று எனக்கு மனசு ஆறவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் வயல்களில் அந்த நாட்டுக் கவுதாரியை 1968லிருந்து தொடர்ந்து எண்ணி வருகிறார்கள். களைக்கொல்லி களையை அழித்தது, களையில் வாழ்ந்த பூச்சி போனது, பூச்சி இல்லாமல் குஞ்சுகள் செத்தன. முக்கியமான காரணம் இதுதான் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நாடு முழுக்க 1960களில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. அங்கே சட்டப்படி சுடும் பறவை அது. அதனால் சுடுவதற்காகப் பறவை வளர்க்கும் பண்ணைக்காரர்களே கோதுமை வயலின் ஓரத்தை மருந்தடிக்காமல் விடவும், வயல் நடுவே புல்வரப்பு போடவும் முன்வந்தார்கள்.

கரிசல்காட்டான்:

கோவில்பட்டிப் பக்கம் கிட்டத்தட்ட இதே கதை, வேலிக்குப் பதில் பயிர். கம்பும் சோளமும் உளுந்தும் கலந்து கிடந்த காடு இன்று மக்காச்சோளம். விதைத்த கையோடு களைக்கொல்லி. 2018ல் படைப்புழு வந்த பிறகு பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது. கம்பங்காட்டில் நடந்தால் காலடியிலிருந்து காடை விர்ரென்று கிளம்பும், திடுக்கிட்டுப் போவோம். மக்காச்சோளத்தில் அது இல்லை.

தரிசு விட்ட ஓரங்களில் மட்டும் வரிக்காடை பார்க்கிறேன். எங்கேயோ தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல் கேட்கும், அது பெட்டையின் குரல். முட்டைமேல் உட்காருவதும் குஞ்சை மேய்ப்பதும் சேவல்தான். போன புரட்டாசியில் ஒரு சேவல் சுண்டுவிரல் நுனி அளவுக் குஞ்சுகளோடு வண்டித்தடத்தைக் கடந்தது. தடத்துப் பள்ளத்தில் ஒரு குஞ்சு ஏற முடியாமல் தவித்தது. சேவல் திரும்பி வந்து பக்கத்திலேயே நின்று, அது ஏறின பிறகுதான் நகர்ந்தது.

வைகைக்கரை:

ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம். 2017ல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஊரெல்லாம் வெட்டினார்கள். மேலோடு வெட்டின இடத்தில் முன்னைவிட அடர்ந்து தழைத்துவிட்டது, கீழே ஒரு புல் கிடையாது. வேரோடு எடுத்து, ஆடு விடாமல் இரண்டு மழை காத்த கண்மாய் ஓரத்தில் புல் வந்தது, பின்னாலேயே காடையும் வந்தது. ஒரு கேள்வி: இவ்வளவு பறவை குறையும்போது மயில் மட்டும் எப்படிப் பெருகுகிறது?

கொரங்காட்டுக்காரர்:

மயிலுக்கு இந்த மாற்றம் ஒத்துப்போகிறது. தென்னை மரத்திலும் அடையும், நெல், தக்காளி, பாம்புக்குட்டி எதையும் தின்னும், தேசியப் பறவை என்று யாரும் கை வைப்பதில்லை. எங்கள் பக்கம் நரி போனதும் ஒரு காரணம் என்பார்கள். மயில் நிறைய இருக்கிறதே, அப்போது நிலம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பறவைக்கு வேண்டியது வேறு.

என்ன செய்யலாம் என்று தனிமடலில் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வேலியை ஒரே வருஷத்தில் நாலு பக்கமும் வெட்டாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். அதையும் சித்திரையிலிருந்து ஆவணி வரை தொடாதீர்கள், முட்டை இருக்கும். கம்பி வேலிதான் போட்டாக வேண்டும் என்றால் சரி, போடுங்கள், உள்பக்கம் ஒரு பாத்தி அகலத்துக்குப் புல்லை மருந்தடிக்காமல் விடுங்கள். தோட்டத்து நாயைக் காலையில் கட்டி வையுங்கள்.