எக்ஸ்டெண்டட் வாரண்டி: காசு வாங்கியது ஒருவர், பதில் சொல்ல வேண்டியது இன்னொருவர்

வாஷிங் மெஷினுக்கு பில் போடும்போது கடைப் பையன் கேட்டார்: "சார், கம்பெனி வாரண்டி முடிஞ்சப்புறம் போர்டு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" மெஷினை விற்றபோது இல்லாத அக்கறை அந்தக் குரலில் இருந்தது. கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் பழுதைப் பார்த்துக்கொள்வதற்காகத் தனியாகக் காசு வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி பிளான் இது. இதை விற்றால் விற்பவருக்குத் தனியாக ஊக்கத்தொகை உண்டு என்பது கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. "எதுன்னாலும் நேரா இங்க வாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். சரி என்று பணம் கட்டினேன்.

கம்பெனி வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு நிஜமாகவே போனது. என்ன வாய் முகூர்த்தமோ! கடைக்குப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், அவர் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் வந்த பதில்: "அது எங்களது இல்ல சார், பேப்பர்ல இருக்கற நம்பருக்குப் பேசுங்க." ஒப்பந்தத்தில் இருந்த பெயர் கடையுடையதும் இல்லை, மெஷின் செய்த கம்பெனியுடையதும் இல்லை. மூன்றாவதாக ஒரு நிறுவனம். கடைக்கு வெறும் தரகர் வேலை.

அந்த நம்பரில் பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு, பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பில் என்று கையில் இருந்தது வெள்ளைத் தாள். தெர்மல் பேப்பரில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். தானாகவே மங்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டால் சில சமயம் இன்னும் சீக்கிரம் மங்கும். கடை கம்ப்யூட்டரில் போன் நம்பரைத் தட்டினால் பில் வந்துவிடும், ஆனால் அதைத் தட்ட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் டெக்னீஷியன் வந்தார். கழற்றிப் பார்த்துவிட்டு, என்ன பழுது என்று குறிக்கும் ஜாப் ஷீட்டில் 'ஈரத்தால் பழுது' என்று எழுதினார். ஒப்பந்தத்தில் ஈரத்தால் வரும் பழுதுக்கு கவர் கிடையாது. துணி துவைக்கிற மெஷினுக்கு! தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே இருக்கும் குழாய் கசிந்துதான் போர்டில் சொட்டியிருக்கிறது. அதை டார்ச் அடித்துக் காட்டி, 'உட்புறக் குழாய்க் கசிவு' என்று மாற்றி எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அந்த ஒரு வரியால்தான் கிளைம் பாஸானது. ஜாப் ஷீட்டைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் ஃபிரிட்ஜுக்கு இதே பிளானைத் தள்ளப் பார்த்தார்கள், "கம்ப்ரஸருக்கும் கவர் இருக்கு மேடம்" என்று. தயாரித்த கம்பெனியே கம்ப்ரஸருக்குத் தனியாகப் பல வருட வாரண்டி கொடுத்திருந்தது அட்டைப் பெட்டியிலேயே அச்சாகியிருந்தது. அக்கா அதை விரலால் தொட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது.

என் நண்பர் கதைதான் மோசம். டிவி பேனல் போனது, ஸ்பேர் வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாற்று டிவி கிடைக்கும் என்று இருந்தவருக்கு, வருடத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று கழித்து, மிச்சத்தை வவுச்சராகக் கொடுத்தார்கள். அதுவும் அதே கடையில் மட்டும்தான் செல்லும். தேய்மானக் கணக்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம், அதனால் சண்டை போட்டும் எடுபடவில்லை. வவுச்சர் காலாவதியாவதற்குள் வேண்டாத மிக்ஸி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்.