புதுப்பிப்பு: ஆயிரம் ரூபாய்க்குள் மவுஸ்

பகலில் என் கணக்கு வேலைக்கும் இரவில் தம்பியின் விளையாட்டுக்கும் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரே மவுஸ் போதுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி கம்பியுள்ளதையே இணையத்தில் வாங்கினேன். நான்காம் நாள் காரைக்குடிக்கு வந்துவிட்டது.

வந்த அன்றே திரையில் அம்புக்குறி தவளையாய்த் தாவியது. திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூட ஒட்டிவிட்டேன். பிறகு தற்செயலாகப் பேரேட்டின் மேல் வைத்து நகர்த்தினால் ஒழுங்காக ஓடுகிறது! எங்களுடையது ஐயா காலத்துப் பர்மா தேக்கு மேசை. மேலே கண்ணாடி போட்டிருக்கிறோம். அடியிலுள்ள பரப்பின் நுண்ணிய சொரசொரப்பைப் படமெடுத்துத்தான் மவுஸ் நகர்வை அறிகிறது. வழவழப்பான கண்ணாடியில் அதற்கு என்ன கிடைக்கும்? பழைய நாள்காட்டி அட்டையைப் போட்டேன், சரியாகிவிட்டது. விற்றவரைத் திட்டி எழுதிய மதிப்புரையையும் அழித்துவிட்டேன்.

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி எத்தனை புள்ளி நகரும் என்பதைச் சொல்லும் டிபிஐ எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எங்களுக்கு 800 போதுகிறது. சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை கணினிக்குத் தகவல் அனுப்பும், இது 1000 முறை. தம்பிக்கு வித்தியாசம் தெரிகிறதாம். எனக்குத் தெரிவதெல்லாம் கிளிக் சத்தம்தான். நள்ளிரவில் வளவு முழுக்கக் கேட்கிறது, அப்பத்தா பல்லி என்கிறார்.