புது கிரவுன் மற்ற பற்களுக்கு முன்பே இடிக்கிறது, பழகும்வரை பொறுக்கலாமா?

ஈசூன்வாசி:
வணக்கம். கீழ்வரிசை வலது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் முடிந்து, போன வெள்ளிக்கிழமை கிரவுன் (பல்லை மூடும் உறை) ஒட்டினார்கள். இன்று நான்காவது நாள். வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் மேல்பல்லைத் தொடுகிறது. சோறு மென்றாலே வலி, மென்று முடித்த பிறகும் அரை மணி நேரம் மந்தமாக வலிக்கிறது. சூடு, குளிர்ச்சிக்கு ஒன்றும் இல்லை.

ஒட்டிய அன்று கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஊசி போட்டு மரத்துப் போயிருந்ததால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது பல் மருந்தகத்துக்கு அழைத்தால், “இரண்டு வாரத்தில் பழகிவிடும்” என்கிறார் முகப்பில் இருப்பவர். நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்? ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) போடவும் பயம், கிரவுன் கழன்று வந்துவிடுமோ என்று. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செங்காங் அம்மா:
தம்பி, காத்திருக்க வேண்டாம். எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். மூன்று வாரம் இடதுபக்கமே மென்று மென்று தாடையும் வலிக்க ஆரம்பித்தது. கடைசியில் போய் உட்கார்ந்தால் ஐந்து நிமிட வேலை. அன்று இரவே நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பல் மருந்தக உதவியாளர்:
பதினான்கு வருடமாக மருத்துவர் பக்கத்தில் நின்று இதைப் பார்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரூட் கனாலில் எடுப்பது பல்லுக்கு உள்ளே இருக்கும் நரம்பைத்தான். வேரைச் சுற்றி, எலும்புக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நார் ஒன்று பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதில் உணர்ச்சி அப்படியே இருக்கும். தலைமுடி ஒன்று பற்களுக்கு நடுவே கடிபட்டால்கூட உங்களுக்குத் தெரிகிறதே, அது இந்த நாரால்தான். கிரவுன் துளி உயரமாக இருந்தால் ஒவ்வொரு கடியும் முதலில் அந்தப் பல்மேல் விழுகிறது, நார் வீங்கி வலிக்கிறது. ஈறில் புண்போல இருப்பது சில நாளில் ஆறிவிடும். ஆனால் உயரம் தானாகக் குறையாது. அப்படியே விட்டால் கிரவுனில் விரிசல் விழலாம், எதிர்ப் பல்லும் நோகும்.

மறுபடி அழைத்து, “வலிக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், “கடிக்கும்போது இந்தப் பல்தான் முதலில் தொடுகிறது, உயரம் சரிபார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். முகப்பில் இருப்பவருக்கு இது வேறு விஷயமாகக் கேட்கும். அங்கே நிறம் ஒட்டும் மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்வார்கள், அழுத்தமாகக் கறை விழுந்த இடத்தைத் துளித் துளியாகத் தேய்ப்பார்கள். நேராகக் கடிப்பதோடு நிற்காமல், தாடையைப் பக்கவாட்டில் அரைத்தும் பாருங்கள். தேய்த்த இடத்தை மெருகேற்றினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கிரவுன் செய்யும் சிர்கோனியா, பீங்கான் இரண்டுமே சொரசொரப்பாக இருந்தால் மேல்பல்லைத் தேய்த்துவிடும்.

ஃப்ளாஸை நிறுத்தவே கூடாது. கிரவுனுக்குச் சொத்தை வராது, ஆனால் அதன் விளிம்பும் ஈறும் சேரும் இடத்தில் உங்கள் சொந்தப் பல்லுக்கு வரும். நரம்பு இல்லாத பல் என்பதால் சொத்தை ஆழமாகப் போகும்வரை வலியே தெரியாது. நிரந்தரமாக ஒட்டியது ஃப்ளாஸுக்கெல்லாம் கழலாது. தற்காலிக கிரவுன் என்றால்தான் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள்.

பிடோக் அண்ணன்:
எனக்குத் தற்காலிக கிரவுன் இருந்தபோது அலுவலகத்தில் சீனப் புத்தாண்டுக்கு நியென் காவ் (ஒட்டும் அரிசிமாவுப் பலகாரம்) கொடுத்தார்கள். இரண்டாவது வாயிலேயே அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது! கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன், திரும்ப ஒட்டிக் கொடுத்தார்கள். யாரும் கடைப் பசையை வைத்து வீட்டிலேயே ஒட்டிப் பார்க்காதீர்கள். அப்புறம், தே பிங்கில் (ஐஸ் போட்ட பால் தேநீர்) மிஞ்சும் ஐஸைக் கடித்து நொறுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள் தம்பி.

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. உதவியாளர் அக்கா சொன்ன வார்த்தைகளையே சொன்னேன், மறுநாள் காலையே வரச் சொல்லிவிட்டார்கள். தாளைக் கடித்ததும் பல்லின் உட்பக்க மேட்டில் மிளகு அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. மூன்று தடவை தேய்த்த பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொட்டது. மெருகேற்றச் சொல்லிக் கேட்டேன், செய்தார்கள். காசு வாங்கவில்லை. மென்றால் இன்னும் லேசாகத் தெரிகிறது.

இன்னொன்று. அம்மாவுக்கும் கிரவுன் போட வேண்டுமாம். சிங்கப்பூர் அரசு மூத்தவர்களுக்குத் தரும் மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருக்கிறார், உதவுமா?

பல் மருந்தக உதவியாளர்:
நல்லது தம்பி. நாரின் வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதுவரை அந்தப் பக்கம் மென்மையானதையே மெல்லுங்கள். அம்மாவுக்கு உதவும், சாஸ் (CHAS) என்ற அரசு மானியத் திட்டத்தில் உள்ள பல் மருந்தகங்களில் நிரந்தர கிரவுனுக்கு மானியம் உண்டு. போகும்போது அட்டையோடு அடையாள அட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், மானியம் போக எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.