பழைய ஜப்பானியப் பிரதி கிடார்கள்: நேரில் பார்த்ததும் கையில் எடுத்ததும்

ஆறு தந்தி (சிபா)

அந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அமெரிக்க கிடார்களைப் பார்த்து ஜப்பானில் செய்த பிரதிகளில் பழக்கமுள்ளவர்கள் இங்கே இருப்பதால் எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. காலமான அண்ணனின் கிடாராம், 1959-இல் அமெரிக்காவில் செய்த கிப்சன் லெஸ் பாலாம், தம்பி விற்க நினைக்கிறாராம். உண்மையான 59 என்றால் கோடிக்கணக்கான யென் பேசும் என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கும் வசதி எனக்கு இல்லை. பார்த்துச் சொல்லத்தான் போனேன்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. சிவப்பு வெளிறித் தேன் நிறமாகியிருந்தது. ஃபிரெட் எனும் உலோகக் கம்பிகளின் முனைகளை, கழுத்தோரப் பட்டையான பைண்டிங் அழகாக மூடியிருந்தது. ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிடாரின் தலைப்பகுதியில், கிப்சன் என்ற முத்துச்சிப்பி எழுத்து, பின்னால் 9 என்று தொடங்கும் மை எண். ஆனால் பின்மூடியைக் கழற்றியபோது பாட்களின், அதாவது குமிழைத் திருப்பினால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்புகளின், முதுகில் அசலில் இருக்க வேண்டிய, 134 என்று தொடங்கும் சென்ட்ராலாப் நிறுவன எண் இல்லை. திருகுகள் எல்லாம் மில்லிமீட்டர் அளவு, அமெரிக்க அங்குல அளவு அல்ல. அதையும் பிற்காலத்தில் யாரோ மாற்றியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருந்தது.

பிறகு கைபேசி விளக்கை ஹெட்ஸ்டாக்கின் மேல் படுக்கையாகச் சாய்த்தேன். கிப்சன் எழுத்துக்கு அடியில், கறுப்பு லாக்கர் லேசாக உள்வாங்கிய கோடுகளாக, இன்னொரு பெயர் எழுந்து வந்தது. முதலில் ஜி. கடைசியில் ஒரு வட்டம். கிரேக்கோ, ஜப்பானியப் பிரதிகளின் பெயர்களில் ஒன்று. யாரோ பழைய எழுத்தைக் குடைந்து எடுத்து, நிரப்பி, மேலே புதியதைப் பதித்திருக்கிறார்கள்.

சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. விளக்கை என் கையிலிருந்து வாங்கி அவரும் அதேபோல் சாய்த்துப் பார்த்தார். அண்ணனுக்கு இது தெரிந்திருக்குமா என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிடாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த கிரேக்கோவின் சூப்பர் ரியல் வரிசையாக இருந்தால் இதுவே நல்ல விலைக்குப் போகும் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஹாரோவாசி (லண்டன்)

சொன்னது சரி. சொல்லாமல் வந்திருந்தால் அவர் அதை வேறு ஒருவர் தலையில் கட்டியிருப்பார், அறியாமலே.

என்னிடம் இருப்பது ஆன்டோரியா. அதே ஜப்பானிய ஐபனெஸ்தான், இங்கிலாந்தில் அந்தப் பெயரில் விற்றார்கள். எழுபதுகளில் கொழும்பிலிருந்து வந்த என் மாமா சனிக்கிழமைக் கொண்டாட்டங்களில் வாசித்த லெஸ் பால் பிரதி. கழுத்து அசல் லெஸ் பாலில்போல் ஒட்டியதல்ல, நான்கு திருகால் பூட்டியது. விலை கேட்டு ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் முன் பிக்கப்பைக் கழற்றி உள்ளே விளக்கடித்துக் காட்டினார். முகப்பலகைக்கு அடியில் வெற்றிடம்! வளைத்து அழுத்திய ஒட்டுப்பலகையை மேலே மூடி போட்டதுபோல் ஒட்டியிருக்கிறார்கள். விரலால் தட்டினால் உடுக்கைபோல் ஒலித்தது. மாமா பக்கத்தில் நின்றார். நாற்பது ஆண்டு தோளில் சுமந்த கருவி உள்ளே காலி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கழுத்தைப்போல் கைக்கு இதமான கழுத்தை நான் பிடித்ததில்லை. திருகு போட்ட கழுத்து என்றதும் குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும். கடைக்காரரே ‘வழக்குக் காலத்து கிடார்’ என்று சொல்லித்தான் நல்ல விலை தருவதாகச் சொன்னார். நாங்கள் கொடுக்கவில்லை.

எடிசன்காரன் (நியூ ஜெர்சி)

ஹாரோவாசி, அந்த ‘வழக்கு’ என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். இதைச் சொல்லியே ஊரை ஏமாற்றுகிறார்கள்.

பென்சில்வேனியாவில் ஒரு பழைய பொருள் சந்தையில் ‘வழக்கு கிடார், 1975’ என்று கையால் எழுதிக் கட்டிய சீட்டோடு ஒன்றைப் பார்த்தேன். பின்மூடியைத் திறக்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். உள்ளே கொரியத் தயாரிப்பு என்ற காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பள்ளி மாணவன் அதற்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தான். காகிதத்தைக் காட்டினேன். அவன் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டான். விற்றவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

நடந்தது இதுதான். 1977 ஜூன் மாதம் கிப்சனின் தாய் நிறுவனமான நோர்லின், ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் எல்ஜர் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. எல்ஜர் என்பது நகோயாவின் ஹோஷினோ கக்கிக்கு அமெரிக்காவில் இருந்த விற்பனைக் கை. ஐபனெஸ் அவர்களுடைய பெயர். புகார் ஹெட்ஸ்டாக்கின் வடிவத்தைப் பற்றியது, விரித்த புத்தகம்போல் மேல்முனை வளைகிறதே, அது. மரம், பிக்கப், ஒலி எதுவும் வழக்கில் இல்லை. வழக்குக்கு முன்பே ஐபனெஸ் வேறு வடிவத்துக்கு மாறியிருந்தது. 1978-இல் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன. கிரேக்கோமீது வழக்கு இல்லை. மற்ற ஜப்பானியப் பெயர்களான டோக்காய்மீது இல்லை, பர்னிமீதும் இல்லை. ஆகவே எழுபதுகளில் வந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டைக் கட்டுவது பொய்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெயரைப் பார்க்காதீர்கள், பட்டறையைத் தேடுங்கள். மட்சுமோட்டோ நகரில் இரண்டு பெரிய பட்டறைகள் இருந்தன: ஃபுஜிகென், மட்சுமோகு. ஐபனெஸும் கிரேக்கோவில் பெரும்பகுதியும் ஃபுஜிகென்னிலிருந்து வந்தன. ஏரியா, வெஸ்டோன், எழுபதுகளின் ஜப்பானிய எபிஃபோன் மட்சுமோகுவிலிருந்து. மட்சுமோகு 1987-இல் மூடப்பட்டுவிட்டது. ஒரே பட்டறையில் ஒரே வாரம் செய்த இரண்டு கிடார்கள் இரண்டு கண்டங்களில் இரண்டு பெயர்களில் விற்றிருக்கும். இங்கே யூனிவாக்ஸ், எலெக்ட்ரா. அங்கே ஆன்டோரியா, சிஎஸ்எல். பெயர் இறக்குமதி செய்தவருடையது. அடுத்தது எழுத்து: ஃபுஜிகென் ஐபனெஸ் வரிசை எண்ணில் முதல் எழுத்து மாதம், ஏ ஜனவரி, எல் டிசம்பர், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. எழுபதுகளின் பிற்பாதிக் கிரேக்கோக்களிலும் இதே முறையைப் பார்க்கலாம். எழுத்தே இல்லாத எண் என்றால் வேறு தடயம் தேடுங்கள். ட்ரஸ் ராட் மூடியை, அதாவது கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியின் முனையை ஹெட்ஸ்டாக்கில் மறைக்கும் சிறு தகட்டைப் பாருங்கள்: கிப்சன் லெஸ் பாலில் இரண்டு திருகு. மூன்று இருந்தால், ஹெட்ஸ்டாக்கில் என்ன எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். மாதிரி எண்ணும் பேசும்: கிரேக்கோ இஜி-800 என்றால் அந்தக் காலத்தில் 80,000 யென், இஜி-500 என்றால் 50,000. எதற்கு எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

ஹமாமட்சு

எடிசன்காரன் பட்டறைகளைப் பட்டியலிட்டுவிட்டு எங்கள் ஊரை ஒரு வார்த்தையில் கடந்துவிட்டாரே! யமஹாவும் கவாயும் டோக்காயும் இங்கேதான்.

என் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். சுவரில் டோக்காய் ஸ்ப்ரிங்கி சவுண்ட், அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட் கிடாரைப் பார்த்துச் செய்தது. இளவயதில் முதல் போனஸில் வாங்கியதாம். எங்களோடு வந்த ஓர் இளைஞர், “ஓ, போலி ஃபெண்டர்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் எழுந்து கிடாரைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஹெட்ஸ்டாக்கின் சிறிய எழுத்துகளை விரல் வைத்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். பழைய நல்ல ஸ்ட்ராட்டின் அச்சு அசல் நகல் இது என்று அதிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. “தன்னை நகல் என்று நெற்றியில் எழுதிக்கொண்ட ஒன்றை எப்படிப் போலி என்கிறீர்கள், தம்பி?” என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை.

அவர் கேட்டது எனக்குள் தங்கிவிட்டது. டோக்காய் என்ற எழுத்தை ஃபெண்டரின் எழுத்துபோலவே வளைத்து எழுதியதும் அவர்கள்தான், அதையும் மறைக்க முடியாது. ஆனால் ஏமாற்று வேலை அந்தப் பட்டறையில் நடக்கவில்லை. ஆறு தந்தி பார்த்ததுபோல், எழுத்தைச் சுரண்டியவன் கையில்தான் நடந்தது.

இந்தப் பிரதிகள் எவ்வளவு நன்றாக இருந்தன என்பதற்கு ஃபெண்டரே சாட்சி. 1982-இல் யமானோ கக்கி, காண்டா ஷோகாய் என்ற இரண்டு ஜப்பானிய நிறுவனங்களோடும் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் தொடங்கினார்கள், செய்தது ஃபுஜிகென். காண்டா ஷோகாய்தான் கிரேக்கோவின் உரிமையாளர்.

மரத்தச்சன் (சிங்கப்பூர்)

பழுதுபார்ப்பது என் தொழில். வரிசை எண்ணைப் பற்றி எடிசன்காரன் எழுதியதில் பாதியோடுதான் ஒத்துப்போவேன். எண் பொய் சொல்லும்.

ஒரு தம்பதி ஜேவி ஸ்க்வயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்க்வயர் ஃபெண்டரின் இன்னொரு பெயர், ஜேவி என்பது ஜப்பானில் செய்த அதன் தொடக்க வரிசை எண்களின் முன்னெழுத்து. 1982 முதல் 84 வரை வந்தவை, விலை உங்களுக்குத் தெரியும். கழுத்தின் பின்தகட்டில் ஜேவி எண் இருந்தது. நான்கு திருகையும் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். அடியில் பெயின்ட்டில் ஒரு பழைய தகட்டின் தடம் பதிந்திருந்தது, கையிலிருந்த தகட்டின் ஓரங்களோடு அது பொருந்தவில்லை. தகடு துருப்பிடித்திருக்க, திருகுகள் புத்தம் புதியவை. எண் எங்கிருந்தோ வந்திருக்கிறது, கிடார் வேறெங்கிருந்தோ. அந்த அம்மாவின் கை கணவரின் தோளில் இருந்தது, அது மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். இதைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை.

ஆகவே திருகில் கழலும் எதையும் சான்றாக எடுக்காதீர்கள். தகடு கழலும், ட்ரஸ் ராட் மூடி கழலும், பிக்கப் கழலும். கழலாதது மரவேலை. முன் பிக்கப்பைத் தூக்கிக் கழுத்தின் கழுந்தை, அதாவது உடலுக்குள் செருகிய மர நாக்கைப் பாருங்கள். நல்ல சூப்பர் ரியலில் கழுந்து பிக்கப் குழிக்குள் நீண்டு வந்திருக்கும். ஹாரோவாசி கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒட்டுப்பலகை ஒட்டுப்பலகைதான்.

ஹாரோவாசி (லண்டன்)

கோபம் இல்லை. ஒட்டுப்பலகை என்று நானேதான் சொன்னேன். அது நன்றாக ஒலிக்காது என்று நீங்கள் சொன்னால்தான் மறுப்பேன். மாமாவின் பழைய பதிவுகள் இருக்கின்றன, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பனிக்காலம் (டொராண்டோ)

சிறிய அனுபவம். நன்கொடைப் பொருள் விற்கும் கடையில் பெயரில்லாத ஒரு கிடார். ஹெட்ஸ்டாக்கில் எழுத்து உரிந்துபோயிருந்தது. திருப்பினால் கழுத்துத் தகட்டில் ‘ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்’ என்று பொறித்திருந்தது. அந்தச் சொற்களைப் படித்ததும் மட்சுமோகுவாக இருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. வாங்கிவிட்டேன். மரத்தச்சன் எழுதியதைப் படித்தபிறகு இன்று இரவு அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். ஒலிக்கட்டுப்பாட்டு பாட் ஒன்று கரகரக்கிறது, அதையும் அமெரிக்க உறுப்பாக மாற்றலாம் என்றிருக்கிறேன்.

மரத்தச்சன் (சிங்கப்பூர்)

நண்பரே, தகட்டைக் கழற்றுங்கள், பாட்டை மாற்றாதீர்கள். கரகரப்பு பெரும்பாலும் அழுக்கு. தொடர்புமுனைக்கான துப்புரவுத் திரவத்தை ஒருமுறை அடித்து, குமிழை இருபதுமுறை முன்னும் பின்னும் திருப்புங்கள், போய்விடும்.

அமெரிக்க பாட்டில் துளைக்குள் நுழையும் திருகுக் கழுத்து 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். உங்கள் கிடாரில் துளை பெரும்பாலும் 7 அல்லது 8. அதை நுழைக்க மரத்தையோ தகட்டையோ குடைந்து பெரிதாக்க வேண்டியிருக்கும், அதைத் திருப்பிச் செய்ய முடியாது. குமிழ் உட்காரும் தண்டின் பல் எண்ணிக்கையும் வேறு: ஜப்பானியத்தில் 18, அமெரிக்கத்தில் 24. பழைய குமிழ் புதிய தண்டில் உட்காராது, பலமாக அழுத்தினால் பிளக்கும். அப்புறம் குமிழும் போகும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் கம்பங்களும் இப்படித்தான், அளவு பார்க்காமல் வாங்கி மரத்தைத் துளைத்தவர்கள் என் பட்டறைக்கு வந்தபடி இருக்கிறார்கள். உறுப்பு உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் மில்லிமீட்டர் அளவு ஜப்பானிய உறுப்பையே வாங்குங்கள், இன்றும் கிடைக்கிறது. கழற்றிய பழையதைக் குப்பையில் போடாமல் ஒரு உறையில் தேதி எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள்.

தகட்டின் அடியில் பெயின்ட் தடம் எப்படி இருக்கிறது என்பதைப் படமெடுத்துப் போடுங்கள். கழுத்தின் அடிமுனையில் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அதையும் சேர்த்து.