கான்டஸா 1.8 இன்ஜின் முழு வேலை: பானெட்டைத் திறந்தால் கம்பெனி வண்டியாகவே தெரியணும்

குடியாத்தம் கான்டஸா:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கான்டஸா கிளாசிக் கார், 1.8 பெட்ரோல், டி.என். 23 நம்பர். லுங்கி வியாபாரத்துக்காக ஈரோடு, சேலம் என்று ஓடிய வண்டி. அப்புறம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் காலையில் நீலப் புகை. பள்ளிகொண்டா டோல் தாண்டிக் கொஞ்சம் மிதித்தால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ஆயிலும் 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறது.

கம்ப்ரஷன் பார்த்தோம். 115, 110, 85, 120 பி.எஸ்.ஐ. மூன்றாவது சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தால் 110 வரை வருகிறது.

ஒரு மெக்கானிக் 1 மி.மீ. பெரிதாக ரீபோர் போட்டால் (சிலிண்டர் துளையை வெட்டி அகலமாக்கினால்) பவர் எகிறும் என்கிறார். இன்னொருவர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஜப்பான் இன்ஜின் வைக்கச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு இல்லை. அமெரிக்காவில் பாண்டியாக் 400 இன்ஜினை உள்ளே 461 கன அங்குலமாக மாற்றிவிட்டு, வெளியே ஒரு கிளிப் கூட மாறாமல் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி, உள்ளே பலமாகவும் வெளியே அப்பா வாங்கிய வண்டியாகவும் இருக்க வேண்டும். நம்ம ஊரில் இதெல்லாம் முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

வாலாஜா டர்னர்:

தம்பி, ராணிப்பேட்டை பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே பாய்லருக்கான பெரிய பெரிய ஃபேன்கள் செய்வோம். அதனால் சுற்றுகிற எதைப் பார்த்தாலும் முதலில் பேலன்ஸைப் பற்றித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 1 மி.மீ. கதை. உங்கள் இன்ஜின் இசுசுவின் 1817 சி.சி. போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 84 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 82. போரை 85 ஆக்கினால் 1861 சி.சி. ஆகும். கூடுவது 44 சி.சி.தான். கம்பெனி சொன்ன 88 குதிரைத் திறனில் அது சுமார் இரண்டு குதிரைதான் சேர்க்கும். ஆனால் பிளாக்கின் சுவர் மெலியும், அடுத்த முறை ரீபோர் போட இடம் இருக்காது. தேய்மானம் எவ்வளவோ அதற்குத் தேவையான அளவு மட்டும் எடுக்க வேண்டும். பாண்டியாக்காரர்கள் 461 ஆக்குவது முக்கியமாக ஸ்ட்ரோக்கைக் கூட்டி, 3.75 அங்குலத்திலிருந்து 4.25-க்கு. அந்தக் கிராங்கும் பிஸ்டனும் அங்கே விலைப் பட்டியலிலேயே இருக்கின்றன. நமக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அதனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒளித்து வைக்கிற குணத்தை மட்டும்.

இப்போது வெளித்தோற்றம். நம்ம ஆட்கள் ‘ஒரிஜினல் மாதிரி’ என்று சொல்லிவிட்டு ராக்கர் கவரைக் கண்ணாடி போல பஃப் செய்கிறார்கள், பளபளவென்று ஆலன் போல்ட் போடுகிறார்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு சில்வர் பெயிண்ட் அடிக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜின் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. வார்ப்பு அலுமினியம் மங்கலாகத்தான் இருக்கும், மேனிஃபோல்டு வெறும் இரும்பாகத்தான் இருக்கும். அதிகமாக மினுக்கிய இன்ஜினைவிடக் கொஞ்சம் துருப்பிடித்த இன்ஜின் எனக்கு ஒரிஜினலாகத் தெரிகிறது.

பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த ஹோஸ் எந்தக் கிளிப்பில், எந்த ஒயர் எதன் கீழே போகிறது என்பதை அப்புறம் யாரும் சொல்ல மாட்டார்கள். போல்ட்டுகளை எறியாதீர்கள். தலையில் 4, 7 என்று எண் போட்ட அந்தப் பழைய போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மஞ்சள் ஜிங்க் பிளேட்டிங்குக்குக் கொடுங்கள். ஹெட் போல்ட், கனெக்டிங் ராட் போல்ட் இவற்றை மட்டும் பிளேட்டிங்குக்குக் கொடுக்கக் கூடாது. பெயிண்ட் நிறத்துக்கு, இன்ஜின் மவுண்ட் பிராக்கெட்டைக் கழற்றி அதன் பின்னால் மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். வெயிலும் ஆயிலும் படாத ஒரிஜினல் நிறம் அங்கே ஒளிந்திருக்கும். அந்த பிராக்கெட்டையே பெயிண்ட் கடைக்கு எடுத்துப்போய்க் கலக்கச் சொல்லுங்கள்.

சூடாவதற்கு வருகிறேன். குடியாத்தம் வண்டி என்றால் எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். பாலாற்றுப் பக்கம் போர்வெல் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. அந்த உப்புத் தண்ணீரை இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த இன்ஜினில் வருடக்கணக்கில் ஊற்றினால் உள்ளே காரை கட்டும், அலுமினியம் அரிக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை மூடியிருக்கும் டம்மி மூடிகளை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு உள்ளே சுரண்டுங்கள். பின் சிலிண்டர்களைச் சுற்றித்தான் சேறு அதிகம் இருக்கும். பிளாக்கை காஸ்டிக் தொட்டியில் போடலாம். ஹெட்டை மட்டும் அதில் போட விடாதீர்கள், காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். மணல் பிளாஸ்டிங்கும் வேண்டாம். ஆயில் துளையில் தங்கிய ஒரு சிட்டிகை மணல் போதும், புது பேரிங்கெல்லாம் போய்விடும்.

ரேடியேட்டரின் மேல் டேங்கும் கீழ் டேங்கும் பழையதே இருக்கட்டும். நடுவில் இருக்கும் கோரை மட்டும் செம்புப் பித்தளையில் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கிரில் வழியாகப் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உங்களுடைய முதல் ஒளித்து வைக்கும் வேலை அதுதான்.

இரண்டாவது பேலன்ஸ். பிஸ்டன், பின், ராட் எல்லாவற்றையும் நகைக்கடைத் தராசு மாதிரியான ஒன்றில் தனித்தனியாக நிறுத்து, இருப்பதிலேயே லேசானதற்கு மற்றவற்றை இறக்குங்கள். ஒரு கிராமுக்குள் வந்தால் போதும். ராடின் பெரிய முனையையும் சின்ன முனையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், மொத்த எடை மட்டும் பார்த்தால் பிரயோஜனமில்லை. அப்புறம் கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் கவர் மூன்றையும் சேர்த்துச் சுழற்றி டைனமிக் பேலன்ஸ். நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை வருகிற ஒரு நடுக்கம் உண்டு, அதை பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாமல் எடுக்க முடியாது. அது பிறவிக் குணம். மற்ற நடுக்கம் எல்லாம் போகும். கிருஷ்ணகிரி ரோட்டில் நூறில் போகும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே தெரியும்.

ஹெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாதாரண இன்ஜினில் ஹெட்டைக் கொஞ்சம் அதிகம் ஃபேசிங் போட்டுக் கம்ப்ரஷன் ஏற்றுவார்கள். உங்களுடையதில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலே இருக்கிறது, செயின் ஓட்டுகிறது. ஹெட்டை எவ்வளவு சீவுகிறீர்களோ அவ்வளவு கேம் கீழே இறங்கும், செயின் தளரும், வால்வு டைமிங் பின்தங்கும். ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்க்கோல் வைத்து, இடையில் ஃபில்லர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் ஹெட்டைத் தொடாதீர்கள். சீவினாலும் விரிசல் டெஸ்ட் செய்த பிறகுதான்.

போரிங் போடும் முன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். பெட்டியில் எழுதிய அளவை நம்பி போர் போடுகிற பட்டறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அரக்கோணம் அம்பி:

டர்னர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பிளாக்கில் இன்ஜின் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரோ எமரியோ பட விடாதீர்கள், பெயிண்டையும் தடிமனாக அப்பாதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது அந்த நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுப்பார்கள். வேறு இன்ஜின் வைக்கச் சொல்பவர் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்திருக்க மாட்டார். ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்ற அனுமதி வேண்டும், அது லேசில் முடிகிற வேலை இல்லை. அதே பிளாக்கில் வேலை செய்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

சத்துவாச்சாரி பத்மினி:

நான் பத்மினி கார் வைத்திருக்கிறேன், என் தலைவலி பெட்ரோல். இன்றைக்குப் பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. உங்கள் வண்டி செய்த காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எதுவும் எத்தனாலுக்காகச் செய்தது இல்லை. ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும், அப்புறம் இன்ஜின் மேலேயே கசியும். உள்சுவர் வைட்டான் ரப்பராக இருக்கும் ஹோஸாக வாங்குங்கள். வெளியே பழைய காலத்து நூல் உறை போட்டதாகவே கிடைக்கிறது, பழைய கிளிப்பில் மாட்டினால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று சார். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கணக்கு. இ20-க்கு சுமார் 13.5. பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை இளைத்து, சூடும் ஏறும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பாருங்கள். ஷெட்டில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பாதியோடு விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் வைக்கலாம். மூடி பழையதே. பத்மினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கார் கண்காட்சியில் கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை.

குடியாத்தம் கான்டஸா:

எல்லோருக்கும் நன்றி. பிரித்தாகிவிட்டது. டம்மி எடுத்த இடத்திலிருந்து காரையும் சேறும் கொத்துக் கொத்தாக வந்தது. ரேடியேட்டரில் பாதிக் குழாய் அடைப்பு. மூன்றாவது போர், மேலே ரிங் ஓடும் இடத்தில் 84.19. மற்றவை 84.11-லிருந்து 84.14-க்குள். கிராங்கில் மெயின் எல்லாம் சரி, மூன்றாவது பிக் எண்ட் (கனெக்டிங் ராட் மாட்டும் இடம்) மட்டும் 0.03 ஓவல். ஹெட்டில் 0.05 ஃபில்லர் நுழையவில்லை. பிஸ்டன் 0.50 மி.மீ., 1.00 மி.மீ. ஓவர்சைஸில் கிடைக்கிறது. கடைக்காரர் 1.00 வாங்கினால் நல்லது என்கிறார்.

வாலாஜா டர்னர்:

கடைக்காரரிடம் 1.00 தங்கிப்போயிருக்கும், வேறென்ன! 0.50 வாங்குங்கள். 84.19-லிருந்து 84.50-க்குப் போக இன்னும் 0.31 இருக்கிறது, சுவருக்கு 0.15 மேனிக்கு வெட்டினால் எல்லாத் தேய்மானமும் போய்விடும். கடைசி 0.05-ஐ வெட்டாமல் ஹானிங்கில் (கல்லால் தேய்த்து) எடுக்கச் சொல்லுங்கள், குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். முடிந்தால் ராணிப்பேட்டை சிப்காட்டில் 40 மி.மீ. இரும்புத் தகட்டில் ஹெட் போல்ட் துளை போட்டு ஒரு பிளேட் செய்து, அதை பிளாக் மேல் ஹெட் போலவே முறுக்கிவிட்டு ஹானிங் போடுங்கள். போல்ட் முறுக்கும்போது போர் கொஞ்சம் கோணும், அந்தக் கோணலோடேயே வட்டமாக்கிவிடலாம்.

ரிங்கைப் போருக்குள் தனியாக இறக்கி இடைவெளி பாருங்கள், 0.3-லிருந்து 0.4-க்குள் இருக்கட்டும். கிராங்க் ஒன்றுக்காக எல்லா பிக் எண்டையும் 0.25 அண்டர்சைஸ் ஆக்க வேண்டும், நான்கும் ஒரே அளவு. கிரைண்டிங்காரர் ஜர்னலின் மூலையில் இருக்கும் வளைவை நேர் மூலையாக்கிவிடக் கூடாது, கிராங்க் உடைவது அங்கேதான். ஹெட் சீவ வேண்டாம் என்றாகிவிட்டது, நல்லது. வால்வு கைடும் சீலும் மாற்றுங்கள், காலையில் வருகிற புகையில் பாதி அதுதான். ராக்கர்களை எந்த வரிசையில் எடுத்தீர்களோ அதே வரிசையில் போடுங்கள்.

ஆயில், ஜிங்க் சேர்த்த மினரல் 20டபிள்யூ-50. சின்தெடிக் இப்போது வேண்டாம், ரிங் உட்காராது. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் உறும விட்டுக்கொண்டு நிற்காதீர்கள். காட்பாடி, சித்தூர் பக்கம் ஏற்றமும் இறக்கமுமாக, மிதித்து, விட்டு, மிதித்து ஓட்டுங்கள். 500-ல் ஆயிலை மாற்றி ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். ஏலகிரியின் 14 ஹேர்பின்னுக்கு எல்லாம் 1000 கி.மீ. தாண்டிப் போகலாம். மேலே போய்ச் சேரும்போது முள் எங்கே நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

அப்புறம், பத்மினி அம்மா சொன்ன மாட்யூல் போட்டால் பழைய பாயிண்ட் செட்டை ஒரு டப்பாவில் போட்டு டூல் பையிலேயே வையுங்கள். நடுரோட்டில் மாட்யூல் படுத்தால் ஆம்பூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது.