விஎம்முக்கு இன்டரப்ட் போய்ச் சேரும் வழி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடிக்காரன்:
மட்டக்களப்பு டவுனில் ஓர் அலுவலகத்தின் கேவிஎம் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். (கேவிஎம் என்பது விஎம்களை, அதாவது ஒரு மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் லினக்ஸ் கேர்னலின் பகுதி.) பழைய டெஸ்க்டொப் ப்ரொசெசர். ஒரு விஎம்முக்குள் பெரிய கோப்பு இறங்கினால் மற்றதும் சேர்ந்து இழுபடும். கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் ‘பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட் லைவ்’ ஓடவிட்டேன். விஎம் வெளியே வருவதற்கான, அதாவது ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஹோஸ்டின் (சேர்வரின்) கேர்னலிடம் போவதற்கான, காரணங்களை எண்ணிக் காட்டும் கருவி அது. அவற்றில் வெளி இன்டரப்ட்தான், அதாவது ‘இதைக் கவனி’ என்று ப்ரொசெசருக்கு வெளியிலிருந்து வரும் சைகைதான், முன்னுக்கு நின்றது.

நடப்பது இதுதான். நெட்வேர்க் பக்கெட் வந்ததும் விஹோஸ்ட் (ஹோஸ்ட் கேர்னலில் விஎம்மின் நெட்வேர்க் வேலையைச் செய்யும் பகுதி) அதை விஎம்மின் வளையத்தில் (இருவரும் பகிரும் நினைவக வரிசையில்) வைத்துவிட்டு இவென்ட்-எஃப்டி என்ற கேர்னல் மணியைத் தட்டும். அந்த மணியை இன்டரப்டாக மாற்றும் ஐஆர்க்யூ-எஃப்டி அதைக் கேர்னலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும், கேர்னலுக்கு வெளியே விஎம்மை நடத்தும் ப்ரோகிராமான க்யூஎமு வரை போகத் தேவையில்லை. இது வரைக்கும் நல்ல வேகம். ஆனால் விசிபியு (விஎம்மின் மெய்நிகர் ப்ரொசெசர்) அப்போது இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருந்தால், அதை உதைத்து வெளியே எடுத்து, திரும்ப நுழைக்கும்போதுதான் இன்டரப்டைக் கொடுக்க முடியும். அந்நேரம் விஎம் இன்டரப்டை மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம்: அது திறக்கும் கணத்தில் மறுபடி வெளியே வரச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். இன்டரப்டைக் கவனித்தாயிற்று என்பதை நினைவகத்தில் குறித்துவிடும் பிவி-ஈஓஐ வசதி இல்லாவிட்டால், ‘முடிந்தது’ என்று சொல்வதற்கும் ஒரு தடவை வெளியே வரும்.

2013 இல் வந்த ஐவி பிரிட்ஜ் ஸியோன்களிலிருந்து (இன்டெலின் சேர்வர் ப்ரொசெசர்கள்) ஏபிக்-வி, அதாவது விஎம்முக்கான இன்டரப்ட் வேலையை ப்ரொசெசரே செய்யும் வசதி, இருக்கிறது. அப்படியொரு மெஷினுக்கு மாற்றினேன். கேவிஎம்-இன்டெல் மொடியூலின் ‘எனேபிள் ஏபிக்-வி’ பழையதில் ‘என்’ (இல்லை), புதியதில் ‘வை’ (ஆம்). இப்போது கேர்னல் 256 பிட் பட்டியலில் ஒரு பிட்டை வைத்து ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும், மிச்சத்தை ப்ரொசெசரே பார்த்துக்கொள்ளும். விஎம் வெளியே வருவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது, ஹோஸ்டுக்கு வந்த இன்டரப்ட்களை எண்ணிக் காட்டும் ‘ப்ராக் இன்டரப்ட்ஸ்’ கோப்பில், இந்த அறிவிப்புகளுக்கான ‘பின்’ வரி கிட்டத்தட்ட அசையாமல் நின்றதுதான். விஎம் ஓடும்போது வரும் அறிவிப்பு ஹோஸ்டின் கணக்கில் ஏறாது. விஎம் வெளியே வந்த நேரம் பார்த்து வந்து விழுபவை மட்டும்தான் அங்கே தெரியும்.

அக்கரைப்பற்று லேப்:
அண்ணா, எங்கள் மெஷினிலும் ‘வை’ என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் சும்மா இருக்கும் விஎம்முக்கு பிங் அடித்தால் பதில் வரச் சுணங்குகிறது. லோட் கொடுத்தால் சரியாகிறது. ஏன்?

கல்லடிக்காரன்:
தம்பி, சும்மா இருக்கும் விஎம் எச்எல்டி (வேலையில்லை, நிறுத்து என்ற ப்ரொசெசர் கட்டளை) போட்டுத் தூங்கிவிடும். ஓடாத விசிபியுவுக்கு ப்ரொசெசர் நேரே கொடுக்க வழியில்லை. கேர்னல்தான் எழுப்பி, ஷெட்யூல் பண்ணி உள்ளே விட வேண்டும். தூங்கவிடுமுன் கேர்னல் எவ்வளவு நேரம் காத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் ‘ஹோல்ட் போல் என்எஸ்’ அளவைப் பாருங்கள், எக்ஸ்86 இல் வழக்கமாக 200,000 நானோ விநாடி. அதைக் கூட்டினால் கேர்னல் உடனே தூங்கவிடாமல் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்திருக்கும், பதில் சுறுக்காக வரும். அதற்கு ஹோஸ்டின் சிபியு செலவாகும், அதனால் எல்லா விஎம்மும் நெரிசலாக ஓடும் பெட்டியில் கூட்டாதீர்கள். லேப் மெஷினில் ஒன்றிரண்டு விஎம்தான் என்றால் தாராளமாகக் கூட்டிப் பாருங்கள்.